அந்த வள்ளத்துக்கு நின்ற பதினான்கு பேர்

ஜேர்மனியில் டொக்டரின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் வாசலில் ஒரு கணம் நின்று 'குட்டன் டாக்' என்று சொல்கிறார். யாருக்குச் சொல்கிறார் என்று கேட்காதீர்கள். அறைக்குச் சொல்கிறார். உள்ளே ஏழெட்டுப் பேர் இருமிக்கொண்டும் பழைய சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டும் இருப்பார்கள். தலையை நிமிர்த்தாமலே எல்லோரும் அதைத் திருப்பி முணுமுணுப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒருவரோடு ஒருவர் பேச்சே கிடையாது. பெயர் கூப்பிட்டதும் எழும்புகிறவர் மறுபடியும் அறைக்கு விடை சொல்லிவிட்டுத்தான் போவார். வந்த புதிதில் எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. முன்பின் தெரியாத சனத்துக்கெல்லாம் வணக்கம் வைக்க நாங்கள் என்ன தேர்தலிலா நிற்கிறோம்? முதல் இரண்டு வருடமும் வாயைத் திறக்காமல் போய் மூலைக் கதிரையில் குந்திக்கொண்டேன்.

ஒருநாள் கைத்தடியோடு இருந்த ஒரு மூதாட்டிக்குப் பொறுக்கவில்லை. என்னை நேரே பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு அதில் 'லுஃப்ற்', அதாவது காற்று என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. மனுசிக்கு மூச்சு முட்டுகிறதாக்கும் என்று எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிட்டேன். மாசி மாதக் குளிர் உள்ளே வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கேட்டது "நான் என்ன காற்றா?" என்பது என்று இரண்டு நாள் கழித்து வேலையிடத்தில் ஒருவர் விளங்கப்படுத்தினார். ஆள் இருக்கிற இடத்தில் ஆளே இல்லாததுபோல் நடந்துகொள்கிறவனை இந்த நாட்டில் அப்படித்தான் கேட்பார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுசனைக் காற்றாக்குவது எப்படி என்று எனக்கு வடிவாகத் தெரியும். இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதைச் சொல்லத்தான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு நான் அனலைதீவில் தொண்டர் ஆசிரியனாக இருந்தேன். விடிய புளியங்கூடலில் இருந்து சைக்கிளில் ஊர்காவற்றுறைத் துறைக்கு வந்து, சென்றியில் பதிந்து, வள்ளம் ஏறிப் போய்ப் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சென்றி என்றால் என்ன என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மண்மூட்டை அடுக்கிய காவலரண், ஒரு மேசை, ஒரு கொப்பி, துவக்கோடு கடற்படைக்காரர் இரண்டு பேர். அங்கே அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்தால்தான் கடலில் கால் வைக்கலாம்.

அந்தத் துறையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை, தானாக வந்தது. வரிசையில் நிற்கிற நேரம் ஒருவருக்கும் ஒருவரையும் தெரியாது. ஒரே ஒழுங்கையில் வீடு, ஒரே கிணற்றில் தண்ணீர், என்றாலும் துறையில் முகத்தை முகம் பார்க்கமாட்டோம். அதற்கு முன்னர் ஒருநாள் சென்றியில் ஒருவரைக் காட்டி "தெரியுமா?" என்று கேட்டபோது, இன்னொருவர் "ஓம், தெரியும்" என்று வெள்ளந்தியாகச் சொல்ல, இரண்டு பேரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். அதிலிருந்து பாடம் படித்தோம். தெரியும் என்றால் அவனும் போவான், நானும் போவேன். ஆகவே "தெரியாது" என்பது எங்களுக்குப் பொய்யாகத் தோன்றியதே இல்லை. ஒருவருக்கொருவர் செய்கிற உதவி என்றுதான் நினைத்திருந்தோம். வள்ளம் புறப்பட்டு, கரையில் நிற்கிறவனின் முகம் மங்குகிற தூரம் வந்ததும் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவார். உடனே பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவோம். காய்ச்சல், கலியாணம், மீன் விலை, பள்ளிக்கூடம் எல்லாம் வரும்.

வள்ளம் ஓட்டியவர் செபமாலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், பரம்பரையாகக் கடல் தொழில். கடல் வலயத் தடையால் தொழில் படுத்துப்போக, தன் மீன்பிடி வள்ளத்திலேயே ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். துறையில் இருந்து வள்ளத்துக்குக் கால் மாற்றுகிற இடத்தில் ஒரு முழம் இடைவெளி. செபமாலை கையை நீட்டுவார். நாங்கள் ஒவ்வொருவராகப் பிடித்து இறங்குவோம். "மாஸ்ரர், காலை இஞ்சை வையுங்கோ" என்பார். இரண்டு வருடம், பள்ளிக்கூட நாள் ஒவ்வொன்றிலும் அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன். வலது பெருவிரல் நகம் நடுவே பிளந்திருக்கும். ஆனால் துறையில் வைத்து அந்தக் கைக்கு மேலே முகத்தை நான் பார்த்ததில்லை. வழக்கம் அப்படி.

இனி ஜேர்மனிக்கு வருகிறேன். நான் வந்து மூன்று வருடமாகியும் என்னுடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறை நிராகரித்து, மேன்முறையீட்டில் கிடந்தது. அந்த நேரம் நூலகத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கண்டேன்: 'சுதந்திரமும் உரிமையும், ஆறு மாலைகள், கட்டணம் இல்லை.' ஆகா, இலவசமாகச் சட்டத்தரணி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, வழக்குக் கடிதங்கள் அத்தனையையும் கோவையில் அடுக்கி, சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் இருந்தேன். அது தத்துவ வகுப்பு. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஜேர்மன் தத்துவவாதிகளைப் பற்றியது. வந்திருந்த மற்ற ஐந்து பேரும் ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் கையில் கொப்பியும் பென்சிலும். என் மடியில் இரண்டு கிலோ கோவை. படிப்பிக்க வந்தவர் என்னைவிட இளையவர். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தன்னை யோனாஸ் என்றே கூப்பிடச் சொன்னார். எழும்பிப் போகலாம்தான். வெளியே மழை. அறைக்குள் வெப்பமூட்டி நல்ல சூடு. இருந்துவிட்டேன்.

யோனாஸ் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி என்னை விட்டுப் போகவில்லை. ஒருவன் தனியே ஒரு தீவில் இருந்துகொண்டு, என்னைக் கட்டுப்படுத்த ஒருவரும் இல்லை, ஆகவே நான் சுதந்திரமானவன் என்று நினைத்தால் அது சுதந்திரம் ஆகாதாம். இன்னொரு மனிதன் அவனை நோக்கிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டு, இவன் பதில் சொல்லவும் கூடும், சொல்லாமல் விடவும் கூடும் என்று ஏற்றுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான், நான் சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஆள் என்று ஒருவனுக்கு முதன்முதல் தெரியவருகிறதாம். இதற்கு 'அனர்கென்னுங்' என்று பெயர். அங்கீகாரம் என்று நாங்கள் சொல்லலாம். கைத்தடி மூதாட்டியும் 'குட்டன் டாக்'கும் எனக்கு உடனே ஞாபகம் வந்தன. இவர்கள் இந்தக் கதையை இரண்டு நூற்றாண்டாக டொக்டர் வீட்டிலும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலும்.

இரண்டாம் மாலை எசமானும் அடிமையும் வந்தார்கள். இரண்டு பேர் சந்திக்கிறார்கள். இருவருக்கும் மற்றவன் தன்னை மதிக்க வேண்டும். தான் மதிக்க விருப்பமில்லை. உயிரைப் பணயம் வைத்து மோதுகிறார்கள். சாவுக்குப் பயந்தவன் விட்டுக்கொடுத்து அடிமையாகிறான், மற்றவன் எசமான். ஆனால் பாருங்கள், எசமானின் கை வெறுங்கையாகவே கிடக்கிறது. அவனுக்குக் கிடைத்த மதிப்பு, அவன் மனுசனாகவே எண்ணாத ஒருவனிடமிருந்து கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது? அடிமையோ பயந்து, உழைத்து, தன் கையால் ஒரு பொருளை உருவாக்கி, அதில் தன்னைக் காண்கிறான். கடைசியில் யார் சுதந்திரத்துக்குக் கிட்ட நிற்கிறான் என்று யோனாஸ் கேட்டார். ஓய்வுபெற்றவர்கள் சந்தோசமாக விவாதித்தார்கள். நான் செபமாலையின் பிளந்த நகத்தை நினைத்துக்கொண்டு இருந்தேன்.

நடந்தது இதுதான். தொண்ணூற்றொன்பதில் ஒரு காலை. அதற்கு முதல் நாள் பின்னேரம் வள்ளத்து இயந்திரத்தின் விசிறியில் வலை சிக்கி, செபமாலை கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அதை வெட்டி எடுத்தார். சாரத்து மடிப்பில் இருந்த அடையாள அட்டையின் உறை வெடித்து உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது. படமும் எழுத்தும் கலங்கிப்போயின. வழமையாகச் சென்றியில் நிற்கிறவன் என்றால் பிரச்சினை இல்லை. அவனுக்குச் செபமாலையின் முகம் பழக்கம். அன்றைக்கென்று அவன் விடுமுறையில் போய்விட்டான். புதிதாக வந்தவன் இளைஞன். ஒரு கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வரிசையைப் பார்த்தான். முதல் ஆளாக வெள்ளைச் சேட்டோடு நின்றவன் நான். கையில் கல்விப் பகுதியின் கடிதம்.

"மாஸ்டர், இந்த ஆள் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கேட்டான். அடுத்தது பூமணி அக்கா. அனலையில் மகளைக் கட்டிக் கொடுத்து, அவளுக்குச் சாமான் கொண்டுபோகிறவர். அவரும் தெரியாது என்றார். அதற்கடுத்தவர், அதற்கும் அடுத்தவர். இப்படி வரிசையின் வால்வரை போய்ப் பதினான்கு பேருக்கும் செபமாலையைத் தெரியாது. அந்த இளைஞனின் முகம் மாறியதை நான் கண்ணால் கண்டேன். கோப்பையை மேசையில் வைத்தான். ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒருவன், படம் அழிந்த அட்டையோடு, கடற்கரையில் நிற்கிறான் என்றால் அவன் இயக்கத்து ஆள் இல்லாமல் வேறு யார்? செபமாலையின் பக்கம் திரும்பி, "உனக்கு இவங்களைத் தெரியுமா?" என்று கேட்டான்.

செபமாலை எங்களைப் பார்த்தார். வரிசையின் தலையில் தொடங்கி வால்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். துறையில் வைத்து அவர் எங்கள் முகங்களைப் பார்த்தது அதுதான் முதல் தரம். பிறகு அமைதியாகச் சொன்னார்:

"இல்லை, எனக்கும் இவையளைத் தெரியாது."

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். எங்கள் அட்டைகளைத் திருப்பித் தந்து, போகலாம் என்றார்கள். எங்கே போவது? வள்ளம் துறையில் ஆடிக்கொண்டு கிடந்தது, ஓட்டுகிறவர் இல்லை. பதினான்கு பேரும் சாமான், குடை, புத்தகப் பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சென்றியில் நின்றவன் எங்களையும் வள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். ஆனால் கொப்பியில் எழுதியாகிவிட்டது. பதினான்கு பேரின் வாக்குமூலம். இனி அவனாலும் அதைத் திருப்பி எடுக்க ஏலாது.

திரும்பி நடக்கும்போது பூமணி அக்கா எனக்குப் பக்கத்தில் வந்தார். "தம்பி, அவன் பதிஞ்சு விடத்தான் கேட்டவன். தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா விட்டிருப்பான்" என்றார்.

"அப்ப நீங்கள் ஏன் அக்கா சொல்லேல்லை?"

"நீர் முதல் தெரியாது எண்டிட்டீர். படிச்ச பிள்ளை, ஏதோ விசயம் இருக்காக்கும் எண்டு நினைச்சன்."

இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

மூன்றாம் மாலை வகுப்பில் நான் கை உயர்த்தினேன். என் உடைந்த டொச்சு மொழியில் சொன்னேன்: உங்கள் தத்துவவாதியின் கதையில் இரண்டு பேர்தான் சந்திக்கிறார்கள். எங்கள் துறையில் மூன்று பேர். துவக்கு வைத்திருப்பவன் ஒருவன், அவன் முன்னால் நிற்பவன் ஒருவன். பக்கத்தில் நிற்கிற மூன்றாவது ஆளைப் பார்த்து, இவனைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். அந்த மூன்றாவது ஆள் உங்கள் புத்தகத்தில் எங்கே? எங்கள் ஊரில் தெரியாது என்று சொல்வதுதான் ஒருவரை மதிப்பது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

யோனாஸ் முகம் மலர்ந்து, நல்ல கேள்வி என்றார். மூன்றாவது ஆள் சட்டம்தானாம். இரண்டு பேருக்கு இடையிலான மதிப்பு நிலைத்து நிற்க வேண்டுமானால் சட்டமும் அரசும் வேண்டும் என்று அந்தத் தத்துவவாதி பின்னால் எழுதியிருக்கிறாராம். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மனிதர் என் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் தனிப்பட்ட தகவல்களை அவ்வளவு கவனமாகப் பாதுகாக்கிறீர்களா, இங்கே நாங்கள் அதைச் சட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் 'டாங்கே' என்று நன்றி சொல்லிவிட்டு இருந்தேன். எங்கள் துறையில் சட்டம் கொப்பியும் பேனையுமாக மேசையில் இருந்தது. ஒரு சொல் கேட்டு என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது. அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

ஆனால் ஒன்றை அந்த வகுப்பு எனக்குத் தந்தது. அந்தக் காலையில் துறையில் நின்றவர்களில் யார் சுதந்திரமான ஆள் என்று யோசிக்க வைத்தது. துவக்கு வைத்திருந்தவன் அல்ல, அவன் கொப்பிக்கு அடிமை. நாங்கள் பதினான்கு பேரும் எங்கள் பயத்துக்கும் பழக்கத்துக்கும் அடிமை. "தெரியும், எல்லாரும் என்ர வள்ளத்திலை போற சனம்" என்று செபமாலை சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். குறைந்தபட்சம் எங்களையும் இழுத்திருக்கலாம். அவர் எங்களைக் காப்பாற்றுவது என்று தானாக முடிவெடுத்தார். சொல் ஒன்றுதான். நான் சொன்னபோது அவரை இல்லாமலாக்கியது. அவர் சொன்னபோது எங்களை வீட்டுக்கு அனுப்பியது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வழக்கத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் நான் கள்ளன். அந்தச் சொல் ஏன் அத்தனை சுலபமாக வந்தது? எங்களுடையது காணி பூமி உள்ள குடும்பம். அப்பா ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். வீட்டு முன்விறாந்தையில் நான்கு கதிரைகள் இருந்தன. வள்ளம் ஓடாத நாட்களில் அதைச் சொல்லிவிட்டுப் போகச் செபமாலை இரண்டு மூன்று தரம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். படிக்குக் கீழேதான் நிற்பார். ஒருமுறை நான் "இருங்கோ அண்ணை" என்று ஒரு கதிரையை இழுத்தேன். அப்பா பத்திரிகைக்கு மேலால் என்னைப் பார்த்தார். செபமாலை சிரித்துக்கொண்டு, "இல்லை மாஸ்ரர், போகோணும்" என்றார். கதிரையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு வள்ளத்தில் அவர் எனக்கு அண்ணை. அப்பாவுக்கு முன்னால் வெறும் செபமாலை. என்னைவிட இருபது வயது மூத்த மனுசன். துறையில் சென்றி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே எங்கள் வீட்டில் அவரைப் போன்றவர்களைத் தெரியாமல் இருக்கப் பழகியிருந்தோம். சென்றிக்காரன் கேட்டபோது நாக்கு தேடிப் போகத் தேவையிருக்கவில்லை.

செபமாலையைப் பதினொரு மாதத்தில் விட்டார்கள். ஒருநாள் சந்தைப் பக்கம் சைக்கிளில் போனபோது, ஒரு பூவரச நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தது. நான் ஒரு காலை நிலத்தில் ஊன்றினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் மறுபடி வலைக்குக் குனிந்துகொண்டார். தடுப்பில் இருந்து வந்தவரோடு கதைத்தால் கதைக்கிறவனுக்கும் ஆபத்து; அதற்காகக் குனிந்தாரா, கோபத்தில் குனிந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஊன்றிய காலை எடுத்து மிதியில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் ஆறுதலாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்துவிட்டேன்.

கோபம் இல்லை என்பது, நான் அந்த வகுப்புக்குப் போன அதே மாரியில் தெரிந்தது. சமாதான காலம், தொலைபேசி கிடைக்கும். அம்மா சொன்னார்: "செபமாலை படலையடியிலை வந்து நிண்டவன். மாஸ்ரர் சுகமா இருக்கிறாரோ, குளிர் தாங்குறாரோ எண்டு கேட்டான்." கடிதம் போடுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். போடவில்லை. தாளை எடுத்து வைத்தேன், எத்தனையோ தரம். 'அன்புள்ள' என்று எழுதியதும் பேனை நின்றுவிடும். அடுத்த கிழமை பார்ப்போம், வழக்கு முடியட்டும், விசா வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். வழக்கு முடிந்தது. விசாவும் வந்தது. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் நிரந்தர வேலையும் கிடைத்தது. இரண்டாயிரத்தாறில் அல்லைப்பிட்டியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு கரையோரச் சனம் கிளம்பியபோது, செபமாலையும் மனைவி பிள்ளைகளை அதே வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வன்னிக் கரைக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு முகவரி என்று ஒன்று இல்லை. அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும்.

இந்த வருடம், சண்டை எல்லாம் முடிந்த பிறகு, ஐப்பசியில் ஒரு மத்தியானம் எனக்குத் தொலைபேசி வந்தது. குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், நான் மெற்றில்டா. செபமாலையின்ர மகள். உங்கட அம்மாதான் நம்பர் தந்தவா."

முகாமில் இருந்து விடுபட்டு, ஊர்காவற்றுறைக்கே திரும்பியிருக்கிறார்கள். தாயும் தம்பியும் அவளும். தகப்பன் இல்லை. கடைசி மாதங்களில் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுவதற்குப் பதிய வேண்டும். கையில் ஒரு பத்திரமும் மிஞ்சவில்லை. இன்னாரை எனக்குத் தெரியும், ஊர்காவற்றுறையில் வள்ளம் ஓட்டியவர் என்று, குடும்பத்துக்கு வெளியே ஒருவர் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் உதவியாக இருக்குமாம்.

"ஊரிலை கேட்டுப் பாத்தனான், அங்கிள். எல்லாரும் பயத்திலை தெரியாது எண்டுகினம். நீங்கள் வெளிநாட்டிலை இருக்கிறியள். உங்களுக்குப் பயமில்லைத்தானே?"

இல்லை என்றேன். ஆனால் மூன்று கிழமை எழுதவில்லை. அம்மாவும் தங்கையும் இன்னும் புளியங்கூடலில்தான். என் பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு தாள் அங்கே எந்த மேசையில் போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? பாருங்கள், பத்து வருடம் கழித்து, ஐயாயிரம் மைலுக்கு இப்பால், கணப்பில் சூடேறிய அறைக்குள் இருந்துகொண்டு, நான் இன்னும் அந்த வரிசையின் முதல் ஆளாகத்தான் நின்றேன். கடைசியில் அம்மாவைக் கேட்டேன். "அவன்ர கையைப் பிடிச்சுத்தானே ரெண்டு வரியமும் போனனீ. எழுது" என்றார்.

தேவை என்று அவள் சொன்ன விபரங்களை ஒவ்வொன்றாக எழுதப் பார்த்தேன். பிறந்த ஆண்டு தெரியாது. தகப்பன் பெயர் தெரியாது. மனைவியின் பெயர் தெரியாது. இரண்டு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. பிளந்த நகம் தெரியும், இயந்திரத்தைக் கிளப்புமுன் சிலுவை போடுவார் என்று தெரியும். உறவுமுறை என்ன என்று எழுதுகிற இடத்தில் பேனை மறுபடி நின்றது. அண்ணை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தெரிந்தவர் என்பதும் கூசியது. 'நான் அவருடைய வள்ளத்தில் போனவன்' என்று எழுதினேன். அதற்கு மேலே கொட்டை எழுத்தில், 'இவரை எனக்குத் தெரியும்.' அதே உறைக்குள் மெற்றில்டாவுக்கு இன்னொரு தாள். அந்தக் காலை துறையில் நடந்ததை, முதலில் தெரியாது என்றவன் நான்தான் என்பதை, மறைக்காமல் அதில் எழுதினேன்.

கையெழுத்தை உறுதிப்படுத்த நகரசபைக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் என் பயணப் பத்திரத்துப் படத்தையும் என் முகத்தையும் ஒருமுறை பார்த்து, ஓம், இது நீங்கள்தான் என்றார். அவ்வளவு சுலபம். பிறகு தமிழ்த் தாளைக் கையில் எடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதை நாங்கள் உறுதிப்படுத்தவும் இல்லை. கையெழுத்து உங்களுடையது என்பதை மட்டும்தான்" என்று சட்டப்படி எச்சரித்தார். அது தெரிந்தால் போதும் என்று நான் சொன்னதை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார். மேலே என் எழுத்து, கீழே அவர்களின் வட்ட முத்திரை. தபாலில் போட்டேன்.

போன கிழமை மெற்றில்டா தொலைபேசி எடுத்தாள். "கடிதத்தைக் குடுத்தனான், அங்கிள். பதிஞ்சவை. அவை உள்ளுக்கை வாசிக்கேல்லை, முத்திரையைத்தான் பாத்தவை."

"மற்றத் தாள்?"

பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது.

"வாசிச்சனான்" என்றாள். "அப்பாவை எத்தினையோ தரம் கேட்டனாங்கள், அண்டைக்குத் துறையிலை நிண்டது ஆர் ஆர் எண்டு. அம்மா அழுது அழுது கேட்டவா. உள்ளுக்கையும் அடிச்சுக் கேட்டவையாம், கூட வந்தது ஆர் எண்டு. கடைசிவரை தெரியாது எண்டுதான் சொன்னவர்."

மன்னித்தாளா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை. "வைக்கிறன் அங்கிள்" என்று வைத்துவிட்டாள்.

நேற்றுக் காலை டொக்டரிடம் போனேன். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறதாம். காத்திருப்பு அறைக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன். மற்றக் காலைத் தூக்கி வைக்க ஏனோ பிந்தியது. கைத்தடி மூதாட்டி யன்னலோரம் இருந்தார். மொத்தம் ஏழு பேர். 'குட்டன் டாக்' என்றேன். ஏழு பேரும் பதில் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.